காவல்காரனின் பசி

“வேலை செய்றவனவிட காவலுக்கு நிக்கிறவன் ஏம்பா ஜாஸ்தி துன்றான்?”

பள்ளி விடுமுறையில் அலுவலகத்துக்கு வந்திருந்த கனிமொழி, திரையில் ஓடிய பட்டியலைப் பார்த்து அப்பா ஜீவானந்தத்திடம் கேட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சுகன்யா சிரித்துவிட்டாள். ஆரணி பேருந்து நிலையத்தருகே, மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் மென்பொருள் அலுவலகம் அது. அரிசி ஆலைகளில் நெல்லின் ஈரம் அளக்கும் சின்னக் கணினிகளில் ஒவ்வொரு நிரலும் கன்டெய்னர் எனும் தனி அடைப்புக்குள் ஓடும். ஒவ்வொன்றுக்கும், அது ஓடுகிறதா என்று பார்த்துச் சேதி அனுப்பும் ஒரு காவல் நிரல் உண்டு. நிரல் மூன்று மெகாபைட் நினைவகம் தின்றால் காவல் பன்னிரண்டு தின்றது. கணினி திணறி நின்றுபோகும்.

“ரெண்டு வார்த்தை சேதி சொல்றதுக்கு மேளதாளத்தோட போறான் கண்ணு. பசிக்காதா?” என்றார் ஜீவானந்தம்.

அந்த மேளதாளத்தைக் குறைப்பது சுகன்யாவின் பொறுப்பு. தொடங்கிய வாரமே அவள் தன் அப்பாவை வேலூரில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது வேலையை ஜீவானந்தம் முடித்திருந்தார். அழைப்பு எது, நீளம் எவ்வளவு, சேதி என்ன என்பதை மட்டும் பேசும் சிறு நெறிமுறை. காவல் இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கியிருந்தது.

“ஆஸ்பத்திரிலேர்ந்தே நீ வேலை செய்றன்னு குப்புராஜ் சார்கிட்ட சொல்லிட்டேன்மா. எல்லாம் உன் பேர்லயே ஏத்திகினு வந்தேன். இல்லன்னா லீவுக்கு பேஜார் பண்ணுவாரு.”

“இன்னாண்ணா இது…”

“வுடும்மா. அப்பா சாப்புட்றாரா?”

இரண்டு மாதத்தில் ஆள்குறைப்பு வந்தது. மேலாளர் குப்புராஜ் எல்லோர் முன்னாலும், யார் எதை எழுதினார் என்ற பதிவுகளைத் திரையில் ஓட்டினார். “ஜீவா, உங்க பேர்ல ஒரு வரி இல்லயே. சுகன்யா ஆஸ்பத்திரில ஒக்காந்துகினே முடிச்சிருக்காங்க. நீங்க இங்க ஃபேன் காத்து வாங்கிகினு இருந்தீங்களா?”

ஜீவானந்தம் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பின்னால் பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று அப்பாவின் மருந்துச்சீட்டு கைப்பையில் இருந்தது. அவள் குனிந்து மேசையையே பார்த்தாள். நல்லவர்களை ஊமையாக்கப் பெரிய மிரட்டல் வேண்டியதில்லை, மாதக் கடைசி போதும்.

வேலை போன ஜீவானந்தம் இப்போது பெரணமல்லூரில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறார். விண்ணப்பித்த இடங்களில் எல்லாம், கடைசியாகச் செய்ததைக் காட்டு என்கிறார்கள். காட்ட ஒன்றுமில்லை.

ஆடியில், அந்த நெறிமுறையை யாரும் பார்த்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வெளியிட நிறுவனம் முடிவு செய்து சுகன்யாவிடம் ஒப்படைத்தது. ஞாயிறு காலை, ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்தாள். நாற்பத்தொரு பதிவுகள். ஒவ்வொன்றிலும் எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரை அழித்து ஜீவானந்தத்தின் பெயரை இட்டாள். குப்புராஜ் கவனித்தால் தன் வேலை போகும் என்று தெரியும். வெளியிட்டாள்.

அவரிடம் சொல்லக் கைபேசியை எடுத்தாள். சொன்னால் அவர் நன்றி சொல்லிவிடுவார். எடுத்ததைப் பைக்குள் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.