சொத்தை பொறுக்கிய பருப்பு

பன்னிரண்டு புள்ளிகளும் பளிச்சென்று எரிந்தன. இது பதினேழாவது முறை. "எரிஞ்சு தொலை" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கருவியை அணைத்தேன். மூன்று ஆண்டுகளாக அதைத் திட்டுவதே எனக்குப் பாதி வேலை. அது பதிலுக்குத் திட்டாது என்பதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பெயர் சங்கவி. கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடிப் பட்டகம், அதன்மேல் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய தங்கப் பூச்சு, கீழிருந்து சிவப்பு ஒளி, எதிரே ஒரு கேமரா. குறிப்பிட்ட ஒரு கோணத்தில் ஒளி விழுந்தால் தங்கத்தின் எலக்ட்ரான்கள் அதை விழுங்கிவிடும். படம் இருண்டு தெரியும். தங்கத்தின்மேல் ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் மாறும். ஒட்டிய இடம் மட்டும் எரியும். நான் தேடுவது மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், பூஞ்சை விடுகிற நஞ்சை. ஈரலைக் கெடுக்கிற நஞ்சு அது. பருப்புச் சாற்றில் அது இல்லையென்றால், நான் கலக்கும் புரதம் தங்கத்தில் குறித்துவைத்த பன்னிரண்டு இடங்களில் போய் ஒட்டிப் புள்ளிகள் எரியும். இருந்தால், நஞ்சு அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புள்ளிகள் இருண்டே கிடக்கும்.

கம்பெனியில் வாங்கிய நஞ்சை விட்டால் அழகாக இருள்கிறது. வயலில் விளைந்த பருப்பு என்றால், மழையில் நனைந்த குவியலே ஆனாலும், கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி எரிகிறது.

"மல்லாட்டையில இருக்கிற எண்ணெய்தான் கெடுக்குதும்மா," என்றார் என் நெறியாளர் அப்பாதுரை. "வெள்ளிக்கிழமை கமிட்டி வருது. அன்னிக்கும் இப்படியே எரிஞ்சா ப்ராஜெக்ட்டை மூடிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மூடினால் கருவி வேறு துறைக்குப் போய்விடும். நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பருப்பைக் கொண்டுவந்து தருவது எங்கள் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்யும் தமிழ்மணி. அவர் வீடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசம். நனைந்த குவியலிலிருந்து எடுத்து, உடைத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த பருப்பு ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருக்கும். 'பூஞ்சை கண்ணுக்குத் தெரியவில்லை' என்று நோட்டில் பெருமையாக வேறு எழுதி வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கத்தானே கருவி!

கடைசி முயற்சியாக, புதன்கிழமை நானே பஸ் ஏறினேன். தமிழ்மணியின் அம்மா கெங்கம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். உடைத்த பருப்பிலிருந்து கறுத்தது, சுருங்கியது, பச்சை படிந்தது எல்லாவற்றையும் விரல் நுனியால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உனக்குத்தான் பொறுக்கிக்கினு இருக்கிறேன்," என்றார்.

முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்பவுமே இப்படித்தான் பொறுக்கி அனுப்புவீங்களாம்மா?"

"பின்ன? படிச்சவங்க நாலு பேரு பாக்குற எடம். அங்க போய் சொத்தைய அனுப்புவாங்களா? எங்க வீட்டப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? இரண்டு மாதம் லென்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். தங்கத்தகடு ஒன்பது வீணாகப் போனது. கருவியோ முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருமுறையாவது இங்கே வந்து பார்க்காத மடச்சி நான்தான்.

"பொறுக்கினதை எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது, மில்லுல குடுத்து ஆட்டிக்குவோம். எண்ணெயில ஒண்ணும் தெரியாது. புண்ணாக்கு மாட்டுக்கு ஆவுது."

அந்தச் சொத்தையில் இரண்டு கைப்பிடி கேட்டேன். அவருக்கு மனசே இல்லை. பேப்பரில் மடித்து, யாருக்கும் தெரியாமல் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் சாற்றை விட்டேன். பன்னிரண்டு புள்ளிகளில் ஒன்றுகூட எரியவில்லை. இரண்டு முறை திருப்பிச் செய்தேன், அப்போதும் இருட்டுதான். முத்துப் பருப்பை விட்டதும் எரிந்தது. மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தேன். பிறகுதான் அந்த எண்ணெய் நினைவுக்கு வந்தது. சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்பாதுரை சாருக்குத் தலைகால் புரியவில்லை. "சூப்பர்மா. யார் வீட்டு மல்லாட்டை, எந்த நிலம், எல்லாம் பேரோட ஸ்லைடுல போட்டுடு. கம்பெனி நஞ்சைக் கலந்து காட்டலைன்னு நம்பணும் இல்ல? மொதல்ல அதைத்தான் கேப்பாங்க."

நான் கெங்கம்மாளுக்குப் போன் செய்தேன். அந்த எண்ணெயை ஊற்றாதீர்கள், புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காதீர்கள், ஈரலுக்கு ஆகாது என்று சொன்னேன்.

"எத்தினி வருசமா அதத்தான் ஊத்திக்கினு இருக்கிறோம்," என்றார் கடைசியில். "என் மாமியா காலத்துலருந்து."

"இனிமே வேணாம்மா. எல்லாரும் ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்குங்க. நானே கூட்டிக்கினு போறேன்."

"சரி. உன் வேல ஆயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சும்மா."

"நல்லாயிரு. ஒண்ணே ஒண்ணும்மா. தமிழ்மணிக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கிறோம். நாங்க விக்கிற மல்லாட்டையும் இருக்குது. அந்த சொத்த எங்க வூட்டுதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாத."

எதிரே திரையில் என் முதல் ஸ்லைடு திறந்திருந்தது. பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்குக் கீழே, கெங்கம்மாள், பிரம்மதேசம்.

"சொல்ல மாட்டேம்மா," என்றேன். போனை வைத்துவிட்டு அந்த வரியை அழித்தேன். கமிட்டி காலை பத்து மணிக்கு வருகிறது.