கடைசி வரிசையில் சொன்ன படம்

அப்பாவுக்குக் கண் போனதே தவிர சினிமா போகவில்லை. கண் நரம்பில் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரிகிற அளவில் வந்து நின்றது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதிச் சம்பாதித்த மனிதர் அவர். வேலை முடிந்த கையோடு முதல் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார் என்பதால் ஆபீஸில் ‘முதல் ஆட்டம்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அது தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது.

இப்போது அவருக்குப் படம் காட்டுகிறவள் மகள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூலக மாடியில் திரைப்படச் சங்கத்தார் வெளிநாட்டுப் படம் போடுவார்கள். கடைசி வரிசையின் மூலை நாற்காலிகள் இவர்களுக்கு. திரையில் நடப்பதை நடக்க நடக்க அவர் காதில் சொல்லுவாள். கீழே ஓடுகிற எழுத்தையும் படித்துவிடுவாள். அவர் கை அவள் மணிக்கட்டில் இருக்கும். வேகமாகச் சொன்னால் ஓர் அழுத்து, எதையாவது விட்டுவிட்டால் இரண்டு. பிழைப்புக்கு அவள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறாள். ‘கிடைக்காது’ என்பதை ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று வாய் கூசாமல் சொல்லிப் பழகிய குரல். அந்தக் குரலை நம்பித்தான் அப்பா படம் பார்த்தார்.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. படம் முடிந்ததும் செயலாளர் மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். ஒவ்வொருவரும் ஒரு வாக்கியமாவது கருத்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவருக்கு டீ கிடையாது. செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். கேள்வி கேட்காமல் மாத்திரை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இந்தச் சட்டத்தைப் போட்டாரோ என்னவோ.

அன்றைக்கு ஓர் இத்தாலியப் படம். கடலோரச் சிற்றூரில் ஒரு ரொட்டிக்காரன் பழைய உப்புக் கிடங்கைக் கழுவிவிட்டு அதில் சினிமா ஓட்டுகிறான். மாவு ஒட்டிய கையோடு டிக்கெட் கிழிக்கிறான். ஊரே அங்கே வந்து சிரிக்கிறது, அழுகிறது, காதலிக்கிறது. அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆள் பார்க்க எப்படி இருக்கிறான் என்று கேட்டார். உங்களை மாதிரிதான் என்று மகள் சொல்லிவைத்தாள். அந்தப் பேச்சு கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்தையே பிடிக்கப்போகிறது என்று கண்டாளா?

ரொட்டிக்காரனின் மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. அவனோ கிடங்கில் உட்கார்ந்து தானும் படம் பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் டார்ச் விளக்கோடு ஓடிவந்து இருட்டில் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறான். வெளிச்சம் தன்மேல் விழுந்ததும், படத்தைக் கெடுக்கிறானே என்று ரொட்டிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வீட்டில் அவள் கதவைப் பார்த்தபடியே உயிரை விடுகிறாள்.

மகளுக்கு வாய் அடைத்துப்போயிற்று. அவள் அம்மா போனதும் இப்படி ஒரு சாயங்காலம்தான். நெஞ்சு வலி என்று படுத்தாள், அவ்வளவுதான். அப்போது கண் நன்றாகத் தெரிந்த அப்பா தியேட்டரில் இருந்தார். உள்ளே நுழைந்ததும் போனை அணைத்துவிடுவது அவருடைய கொள்கை. திரும்பி வந்து நின்றவரிடம், அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்று மகள் சொன்னாள். பச்சைப் பொய். அம்மா கடைசிவரை விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் எழுந்து நடமாடினார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், கொடுத்துவைத்தவள், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார். இன்றைக்கும் சொல்கிறார். அதை உருவிவிட்டால் ஆள் சரிந்துவிடுவார் என்று மகளுக்குப் பயம். அவர்மேல் கோபமே இல்லையா என்றால், வண்டி வண்டியாக இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மணிக்கட்டில் இரண்டு அழுத்து விழுந்தது.

“அவன் வீட்டுக்கு வந்துட்டான்பா,” என்றாள். “பொண்டாட்டிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. எழுந்து உக்காந்திருக்கா. ரெண்டு பேரும் காப்பி குடிக்கிறாங்க.”

அப்புறம் ஏன் வயலினை இந்த அழுகை அழவிடுகிறான் என்று அப்பா கேட்டார். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்றாள். இத்தாலிக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அவரே சமாதானம் பண்ணிக்கொண்டார்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. செத்துப்போனவளை மீதிப் படம் முழுக்க மகள் நடமாடவிட்டாள். மாடியில் துணி உலர்த்தவிட்டாள், கிடங்கு வாசலில் டிக்கெட் விற்கவிட்டாள். படம் முடிந்து விளக்கு எரிந்து, செயலாளர் கையில் மைக்கைப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

முதல் வரிசையில் இருந்த பேராசிரியர், இது மக்களின் ஏக்கத்தைக் காசாக்குகிற படம் என்று ஆரம்பித்து, மைக்கைப் பிடுங்கும்வரை நிறுத்தவில்லை. கல்யாணமான புதிதில் வந்திருந்த ஜோடிக்குக் கிடங்கில் நடக்கும் காதல் பிடித்திருந்தது. மகள் மூச்சு விட்டாள். அடுத்து எழுந்தவர் பல் டாக்டர். டார்ச் வெளிச்சம் விழும்போது அவன் முகத்தைத் திருப்பினானே, அங்கே மனைவி போய்க்கொண்டிருக்கிறாள், இவன் படம் கெடுகிறது என்கிறான், அந்த இடத்தில் தன்னால் உட்கார முடியவில்லை என்றார்.

அப்பா குனிந்து சிரித்தார். டாக்டர் நல்ல தூக்கம் போட்டிருக்கிறார், கனவைச் சொல்கிறார் என்றார்.

பிறகு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை எழுந்தார். ஊரே அவனைக் கொண்டாடட்டும், தன்னால் அவனை மன்னிக்க முடியாது, கதவைப் பார்த்துக்கொண்டே செத்தாளே அந்தப் பெண் என்றார். அவன் என்ன வேண்டுமென்றா செய்தான் என்று தையல்காரர் குறுக்கே பேசினார். உடனே கூடம் இரண்டாகப் பிரிந்துகொண்டது. அவன்மேல் தப்பா இல்லையா என்று பாதிப்பேர் பாதிப்பேரோடு மல்லுக்கு நின்றார்கள். அப்பாவின் சிரிப்பு நின்றது. மகளின் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மைக் கடைசி வரிசைக்கு வந்தபோது கூடம் அமைதியானது. ‘முதல் ஆட்டம்’ என்ன சொல்லுவார் என்று கேட்க அங்கே எல்லோருக்கும் ஆசை உண்டு.

“நான் பார்த்த படத்துல அவ பொழைச்சுக்கிட்டா,” என்றார் அப்பா. “எனக்கு அந்தப் படம் பிடிச்சிருந்தது.”

கைதட்டினார்கள். இதில் பெரிய தத்துவம் ஏதோ இருக்கிறது என்று பேராசிரியர் தலையை ஆட்டினார். செயலாளர் மகளிடம் மைக்கை நீட்டினார். அவள் வேண்டாம் என்று சைகை செய்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் வற்புறுத்தவில்லை.

எல்லோரும் டீக்கு வராந்தாவுக்குப் போனார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. காவலாளி முன்வரிசை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கொஞ்சம் ஓயட்டும் என்று அப்பா காத்திருந்தார்.

“அம்மா தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்னியே. அதையும் இப்படித்தான் சொன்னியா?”

பரிசீலனைக் குரல் தொண்டைவரைக்கும் வந்தது. மகள் அதை விழுங்கினாள்.

“ஆமாப்பா.”

“முழிச்சிருந்தாளா?”

“இருந்தாங்க.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் திறந்தாலும் அவருக்கு ஒன்றுதான், ஆனாலும் மூடிக்கொண்டார். என்னைக் கேட்டாளா என்று அவர் கேட்டது மகளுக்கே சரியாகக் காதில் விழவில்லை. உதடு அசைந்ததை வைத்துப் புரிந்துகொண்டாள்.

“கேட்டாங்க. ‘படம் விட்டாச்சா’ன்னு கேட்டாங்க. கேட்டுகிட்டே இருந்தாங்கப்பா.”

“நீ என்ன சொன்னே?”

“விட்டாச்சு, அப்பா தெருமுனைக்கு வந்துட்டார்னு சொன்னேன்.”

“நம்பினாளா?”

“நம்பினாங்க. தலை கலைஞ்சிருக்கு, ஒதுக்கிவிடுன்னு சொன்னாங்க.”

அப்பா இரண்டு கையாலும் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒதுக்கிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். விட்டேன் என்று சொல்லப்போன மகளுக்கு வாயில் வேறு வார்த்தை வந்தது.

“நீங்க அந்தப் போனை அணைக்காம இருந்திருக்கலாம்பா.”

அவ்வளவு காலம் சுமந்தது அத்தனையும் அந்த ஒரே வாக்கியத்தில் இறங்கிவிட்டது. சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.

“ஆமா,” என்றார் அப்பா. “இருந்திருக்கலாம்.”