கதவு ரப்பர் தீர்ந்த வாரம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவுடையது. என் சமையலறையில் நின்றபடி, கையிலிருந்த டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், "இதையும் எழுதித் தொலைச்சுடாதடி" என்றாள். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: 'கதவில்லாத இயந்திரங்கள் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்து…'

அடித்துவிட்டேன். இயந்திரங்களா பார்த்தன? மனிதர்கள்தான் பார்த்தார்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வாஷிங் மெஷின் தயாரிக்கும் தொழிற்சாலையில், திட்டப் பிரிவில் வேலை. எந்த வாரம் எத்தனை மெஷின், அதற்கு எத்தனை மோட்டார், எத்தனை திருகு, எது எப்போது வந்து சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வாள். அதன்படி ஆர்டர் கொடுத்துப் பொருளை வரவழைப்பது கொள்முதல் பிரிவு. அதற்குத் தலைவர் அவளுடைய கணவர், என் அத்தான்.

(கதைக்கு வசதியாக நான் ஜோடி சேர்த்ததாக நினைக்க வேண்டாம். அங்கேதான் பழகினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். பொருத்தம் பிரமாதம் என்று நான்கூடச் சொன்னேன்.)

2

மெஷினின் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே கொட்டும். மற்ற எல்லாம் தயாராக இருந்தாலும் மெஷினை விற்க முடியாது. விலை குறைத்துத் தரும் புதிய சப்ளையரைப் பிடிக்க அத்தான் பேரம் பேசிக்கொண்டே இருந்தார். கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது.

ஒரு காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்.

"கதவு ரப்பர் இந்த வாரத்தோட தீருதுங்க. பேரத்தை அப்புறம் வெச்சுக்கலாம். பழைய ஆள்கிட்டயே ஒரு லோடு சொல்லிடுங்க."

"பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னா?"

"பாத்துக்கறேன்னா பாத்துக்கறேன். வீட்லயும் ஆபீஸா?"

வேறு யாராக இருந்தாலும் மெயில் அனுப்பியிருப்பாள். கட்டியவருக்கு எதற்கு மெயில் என்று விட்டுவிட்டாள்.

3

ரப்பர் தீர்ந்தது. உற்பத்தி லைன் நின்றது. ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கூலியில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். மெஷினுக்குக் கதவு மாட்டும் வேலை செய்கிற பெண் அக்காவின் மேஜை அருகே நின்று, "புருஷனும் பொண்டாட்டியும் வீட்ல பேசிக்கவே மாட்டீங்களா? உங்க ஊமைச் சண்டைக்கு எங்க அடுப்பை ஏங்க அணைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிற்பகல் கூட்டம் நடந்தது. ஆலை மேலாளர் கேட்டார்: "முன்னாடியே யாருக்கும் தெரியாதா?"

அத்தான் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்: "பிளானிங்லேர்ந்து எனக்குத் தகவல் வரல சார்."

[இந்த இடத்தில் அக்காவை ஒரு பக்கத்துக்குப் பேசவைத்திருந்தேன். கேட்டவர்கள் தலைகுனிந்தார்கள். அந்தப் பக்கம் குப்பைக்கூடையில் கிடக்கிறது.]

உண்மையில் அவள் சொன்னது இதுதான்: "சொன்னேன் சார். வீட்ல. இவர் ஷூ போட்டுக்கிட்டிருந்தப்ப."

அறையே சிரித்தது. "வீட்டு விஷயத்தை வீட்டோட வெச்சுக்கணும்மா" என்றார் மேலாளர்.

'அத்தான் மட்டும் சிரிக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். அதுவரை எழுதியதை அக்காவிடமே காட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தால், பேனாவைக் கேட்டு வாங்கி அந்த வரியை அடித்தாள்.

"சிரிச்சார்டி. லேசா. மத்தவங்கெல்லாம் சிரிச்ச அப்புறம்."

4

திட்டமும் கொள்முதலும் ஒரே கையில் இருந்தால் இந்தக் குழப்பமே வராது என்று நிர்வாகம் முடிவு செய்தது. அத்தான் கையில். பழுதாகித் திரும்பி வரும் மெஷின்களைத் தரம் பிரிக்கும் கிடங்குக்கு அக்காவை மாற்றினார்கள்.

அத்தானை வில்லனாக்க மிகவும் பாடுபட்டேன். மனிதர் ஒத்துழைக்கவே இல்லை. அன்று மாலை அவர் பாட்டுக்குக் கொடியிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்திருக்கிறார். பிறகு மெதுவாக, "பழி என் மேல விழுந்திருந்தா வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க. உன்னை இடம்தானே மாத்தினாங்க? யோசிச்சுப் பாரு, நமக்கு நல்லதுதான்" என்றார்.

அந்த 'நமக்கு' அக்காவின் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இன்னும் இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வந்து நின்றார். "மோட்டார் கணக்கு எங்கேயோ இடிக்குதும்மா. கொஞ்சம் பாரேன்."

பார்த்தாள். மோட்டார் கப்பலில் வர வேண்டிய சரக்கு. உடனே ஆர்டர் போடாவிட்டால் லைன் மறுபடியும் நிற்கும். அது அவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

நான் ஆசைப்பட்ட முடிவு: 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டு அக்கா திரையை மூடுகிறாள். லைன் நிற்கிறது. அத்தான் மாட்டிக்கொள்கிறார். (கதவு மாட்டும் பெண்ணை மறந்தால்தான் இதை எழுத முடியும். நான் மறந்துவிட்டேன். அக்காவால் முடியவில்லை.)

சொல்லிக்கொடுத்தாள். மோட்டார் வந்தது. லைன் ஓடியது. மேலாளர் அத்தானின் முதுகில் தட்டி, "ஒரே ஆள் பாத்தா எப்படி ஓடுது பாருங்க!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். இதை வந்து அக்காவிடம் சொன்னதும் அத்தான்தான். வாயெல்லாம் பல்லாக.

5

நடந்தது இவ்வளவே. இப்படியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில், கூட்டத்தில் அத்தான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். இன்னொன்றில், அக்கா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கணக்குப் புரியாமல் அவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"ரெண்டுலயும் கடைசியில அவருக்கு என்ன ஆச்சுன்னுதானேடி இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது.

"சரி, உனக்கு என்ன ஆகணும்க்கா?"

"தெரிஞ்சா உன்கிட்ட வந்து ஏன் நிக்கறேன்? நீதானே எழுதறவ."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த மாதக் கணக்கோடு அவர் காத்துக்கொண்டிருப்பார் என்று கிளம்பிவிட்டாள்.

நானும் முட்டிமோதிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் அத்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நீங்கள் எழுதிப் பாருங்கள். அக்கா வேலையில் இருக்கலாம், விடலாம், அந்த வீட்டிலேயே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்கள் இஷ்டம். ஆனால் அந்த முடிவில் அவள் மட்டும் இருக்க வேண்டும்.