சீட்டில் விழுந்த சாட்சி

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தின் உணவறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே மேற்பார்வையாளர். அவருக்கு இடப்பக்கம் ஸ்டோரம்மா. கருவிகளையும் சோப்புத் தூளையும் எடுத்துக் கொடுத்துப் பதிவேடு எழுதுகிறவள் என்பதால் அந்தப் பெயர். வாரா வாரம் அவளுக்கு அந்த நாற்காலிதான். படிப்பு வட்டத்தின் குறிப்பு எழுதுவதும் அவள்தான். அவளுக்கு எதிரே, துணி மடிக்கும் பகுதியிலிருந்து வரும் நோட்ஸ் அக்கா. கடையில் கிடைக்கும் கைடு ஒன்று விடாமல் வாங்கி வைத்திருப்பவள். வாசலை ஒட்டி வேன் டிரைவர், எந்த நேரமும் வார்டிலிருந்து கூப்பிடுவார்கள் என்பதற்காக. மேசையின் கால்மாட்டில், கட்டுப் போட்ட வலது கையை மடித்த துண்டின் மேல் வைத்துக்கொண்டு உருளைக்காரர்.

ஐந்து பேரும் அஞ்சல் வழியில் பட்டம் படிக்கிறார்கள். பட்டம் வந்தால் மேற்பார்வையாளர் மேலாளர் ஆகலாம். மற்றவர்கள் ஒரு படி ஏறலாம், இல்லையென்றால் இந்த ஈரத்துணி வாடையை விட்டு எங்காவது ஓடலாம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அதில் ஒரு நாவலுக்கு மட்டும் இருபது மதிப்பெண்: பாத்திரங்கள், குறியீடுகள், கருப்பொருள். தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்துவரும் தடிப் புத்தகம். மதகு திறந்துகொண்டு மூன்று வீடுகள் தண்ணீரோடு போகின்றன. திறக்கச் சொன்னது இஞ்சினியர். மாட்டிக்கொண்டது மதகுக் காவலன். நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் ஒரு குமாஸ்தா. அவனோ கூண்டில் ஏறி, காவலன் தானாகவே திறந்தான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறான். காவலன் சிறையிலேயே கண்ணை மூடுகிறான்.

இந்த நாவலைப் படிக்க அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். எந்தப் பாத்திரம் வருகிறதோ, அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்தான் அந்த ஆள். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் கேள்விக்கும் பக்க எண் வேண்டும், பதிலுக்கும் பக்க எண் வேண்டும். பக்கம் சொல்லாத பேச்சு செல்லாது. பேச்சு வளர்ந்து ஊர் வம்பில் போய் நிற்கக்கூடாது என்று மேற்பார்வையாளர்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

ஊர் வம்பு ஒன்றும் சின்னதாக இல்லை. ஒன்றரை மாதத்துக்கு முன், படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளை மிஷின் உருளைக்காரரின் கையை உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டு விரல் போயிற்று. விரல் உள்ளே போகாமல் தடுக்கும் காப்புக் கம்பி அன்று மிஷினில் இல்லை. அதைக் கழற்றியது அவரேதான் என்று இடைநீக்கம் செய்துவிட்டார்கள். ஆதாரம், கருவிப் பதிவேட்டில் ஒரு வரி: முந்தின வெள்ளிக்கிழமை ஸ்பேனர் வாங்கியவர், உருளைக்காரர்.

அந்த வரியை எழுதியவள் ஸ்டோரம்மா. ஸ்பேனரை அவள் கையிலிருந்து வாங்கிப் போனவர் மேற்பார்வையாளர். கம்பி இருந்தால் துணி மெதுவாகத்தான் போகிறது, வார்டிலிருந்து கத்துகிறார்கள் என்று அவரே கழற்றினார். விபத்து நடந்த அன்று சாயங்காலம் ஸ்டோருக்கு வந்து நின்று, வரியை வாயால் சொன்னார். அவள் எழுதினாள். விசாரணை அதிகாரிக்கு யாராவது வாக்குமூலம் அனுப்புவதானால் வருகிற திங்கட்கிழமைத் தபால் முத்திரையோடாவது போக வேண்டும். அதற்கப்புறம் கோப்பை மூடிவிடுவார்கள். உருளைக்காரருக்கு வேலையும் இல்லை, விரலுக்கு ஈடும் இல்லை.

மேற்பார்வையாளர் அவளுக்கு மேலதிகாரி மட்டுமல்ல, கணவனின் அண்ணன். வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர். அவள் குடியிருப்பது அவர் வீட்டு மாடி.

"படிப்பு வேற, விசாரணை வேற," என்று சொல்லி உருளைக்காரரைச் சனிக்கிழமைகளில் உள்ளே விடச் சொன்னதும் அவர்தான். பெருந்தன்மையான மனுஷன் என்று கூடமே பேசிக்கொண்டது.

முதலில் குறியீடுகள்.

"கோர்ட்டு வாசல்ல ஒரு ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கான்," என்றார் டிரைவர். "முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அங்கயே கெடக்கு. யாரு வீட்டு ஆடுன்னே தெரியல."

"அப்பாவித்தனம்னு கைடுல போட்டிருக்கு," என்றாள் நோட்ஸ் அக்கா. "அதுக்கு அஞ்சு மார்க்."

"அப்பாவித்தனம் இல்லக்கா, பசி. நூத்திப் பத்தாம் பக்கத்துல சுவத்து நோட்டீஸப் பிச்சுத் திங்குது பாருங்க. ஐசியூ வாசல்ல வண்டிய நிறுத்திட்டுக் காத்துக் கெடக்கறப்ப எனக்கும் அப்படித்தான் தோணும்."

மேற்பார்வையாளரும் சிரித்தார். உருளைக்காரர் இடது கையால் பக்கத்தைத் திருப்பினார்.

"அவுத்துவிட ஆள் இல்லாம இல்ல. பன்னண்டாம் பக்கத்துல ஒருத்தர், அறுபத்தி மூணுல ஒருத்தர், நூத்தித் தொண்ணூறுல ஒரு பொம்பளை, எல்லாரும் நின்னு பாக்கறாங்க. நம்ம ஆடு இல்லியேன்னு போயிடறாங்க. எனக்குப் பட்டது அதான்."

"நல்ல பாயிண்டு," என்றார் மேற்பார்வையாளர். "எழுதிக்கம்மா."

எழுதிக்கொண்டாள்.

தேநீர் டம்ளரில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். மேற்பார்வையாளருக்குக் காவலன் வந்தது. "சரி, என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க," என்று இரண்டு கையையும் நீட்டினார். டிரைவருக்கு இஞ்சினியர். "அப்பாடா, எனக்கும் ஒரு ஆபீசர் உத்தியோகம். யாருப்பா அங்க, வண்டிய எடு." நோட்ஸ் அக்கா காவலனின் மனைவி. உருளைக்காரர் நீதிபதி. டம்ளரில் மிச்சமிருந்ததைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஸ்டோரம்மா பிரித்தாள். குமாஸ்தா, சாட்சி.

நோட்ஸ் அக்கா விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இருநூத்தி எட்டு. உன் புள்ளைக்கு ஜுரம்னப்ப தோள்ல போட்டுக்கிட்டு ஓடினது என் புருஷன். அவன் உனக்கு என்ன கெடுதல் பண்ணான்? ஏன் அப்படிச் சொன்னே?"

இதற்கு நாவலில் பதில் கிடையாது. குமாஸ்தாவின் மனசுக்குள் ஆசிரியர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. 'ஆசிரியர் சொல்லவில்லை' என்றால் முடிந்தது, அடுத்த ஆள். ஸ்டோரம்மா அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நான் என்ன பண்ணுவேன். இருக்கற வீடு அவர் கொடுத்தது. வேலை அவர் வாங்கிக் கொடுத்தது. ஒரே ஒரு வரிதானேன்னார். நின்னுக்கிட்டே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதினப்புறம் பேனாவை அவரே மூடி என் கையில கொடுத்தார்."

மேசையைச் சுற்றிப் பக்கங்கள் படபடவென்று புரண்டன.

"எழுதினானா?" என்றார் டிரைவர். "கோர்ட்டுல வாயால இல்ல சொல்றான்?"

"இருநூத்தி முப்பத்தி ஒண்ணு," என்றாள் நோட்ஸ் அக்கா. "கூண்டுல ஏறிச் சொன்னான்னுதான் இருக்கு. பேனாவே வரலியே. நீ வேற பதிப்பு ஏதாவது வச்சிருக்கியா?"

ஒருவர் மட்டும் பக்கத்தைப் புரட்டவில்லை. உருளைக்காரர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதிபதிங்கற முறையில ஒண்ணு கேக்கறேன். யார் சொல்லச் சொல்ல எழுதினீங்க?"

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தாள். பின்னால் போக வழியில்லை, சுவர். வலப்பக்கம் மேற்பார்வையாளரின் முழங்கை.

"பக்கம் சொல்லிட்டுக் கேளுங்க," என்றார் அவர்.

"பக்கம் இல்ல சார்."

"அப்ப கேள்வி செல்லாது." கடிகாரத்தைப் பார்த்தார். "நாலாச்சு. குறிப்புல ஏத்தும்மா."

'சாட்சியிடம் கேட்ட கேள்வி, பக்க எண் இல்லாததால் தள்ளப்பட்டது' என்று எழுதினாள். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. தன் கையெழுத்தை அவள் முதன்முதலாக வெறுத்தது அப்போதுதான்.

வீட்டுக்கு அவர் ஸ்கூட்டரின் பின் இருக்கையில்தான் போக வேண்டும், தினமும் போலவே. சிக்னலில் நின்றபோது திரும்பாமலே பேசினார்.

"புத்தகத்துக்குள்ள ரொம்ப இறங்கிடாதே. பரீட்சைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும்."

"சரி மாமா."

"ஒரு வரி எழுதினே. எழுதினது உன் கை. இப்ப போய் அதை இல்லைன்னா முதல்ல யாரைக் கேப்பாங்க? தம்பி கப்பல்ல இருக்கான். அவன் வர்ற வரைக்கும் நீயும் குழந்தையும் என் பொறுப்பு. அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கத்துகிற மனுஷனாக இருந்தால் பதிலுக்குக் கத்தியாவது பார்க்கலாம். இவரிடம் 'சரி மாமா' தவிர வேறு பேச்சுக்கு இடமே இருக்காது. பச்சை விழுந்தது. அவள் பின்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் மாடிப்படி கீழ்க்கூடத்தின் நடுவிலிருந்து ஏறும். வெளியே போனாலும் வந்தாலும் அவர் உட்காரும் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஞாயிறு காலை, கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்று கணவன் போனில் வந்தான். ஓரகத்தி பக்கத்திலேயே நின்றிருந்ததால் பாதியை விழுங்கி மீதியைச் சொன்னாள். "அண்ணனுக்குத் தெரியாததா," என்றான் அவன். "நீ ஏன் மண்டையை உடைச்சுக்கறே. பாப்பா எங்க, அவகிட்ட கொடு."

மதியம் மாடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தவளை ஓரகத்தி விடவில்லை. "மேல தனியா என்னடி பண்றே, வெக்கையில வேகறதுக்கு. கீழ வந்து ஃபேனுக்கு அடியில உக்காந்து படி." வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும். தாள்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் ஓரகத்தி பீன்ஸ் நறுக்கினாள். மறுமுனையில் ஸ்டோரம்மா முதல் தாளின் மேலே 'குமாஸ்தா: பாத்திர ஆய்வு' என்று தலைப்புப் போட்டாள். 'குமாஸ்தா கெட்டவன் அல்லன். தலைக்கு மேல் கூரை உள்ளவன். ஆசிரியர் அவன் மனசுக்குள் போகவில்லை. போயிருந்தால் அவனை மன்னிக்க வேண்டி வந்திருக்கும். காவலனின் கதை அங்கேயே நின்று போயிருக்கும்.' ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். பிறகு அடுத்த தாளை எடுத்து, பேனாவை வைக்காமல் 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கினாள்.

வரிசை எண் போட்டு எழுதினாள். பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதப் பழக்கியது அப்படித்தான். ஒன்று, ஸ்பேனரை வாங்கியது யார். இரண்டு, என்று, எத்தனை மணிக்கு. மூன்று, பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையொப்பத்துக்காக இரண்டு வரி காலியாக விடுவது தன் வழக்கம். நூற்றுச் சொச்சம் பக்கங்களில் அப்படித்தான் இருக்கும். எழுபத்தி நான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரிதான் காலி. இன்னொரு வரியில் இருப்பது விபத்துக்குப் பிறகு சொல்லி எழுதப்பட்டது. நான்கு, எழுதியது நான். அதற்கான தண்டனை எதுவானாலும்...

"என்னடி இவ்வளவு எழுதறே?" என்றாள் ஓரகத்தி.

"இருபது மார்க்கு, அக்கா."

"உங்க மாமா ரெண்டு பக்கத்துல முடிச்சிடறார். உனக்கு எழுத்து நீளம்."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் முழங்கையை நகர்த்தி இரண்டாம் தாளின் மேல் வைத்தாள். மேற்பார்வையாளர் தோளுக்கு மேலே எட்டி முதல் தாளை எடுத்தார். நின்றபடியே படித்தார். மின்விசிறிக் காற்றில் இரண்டாம் தாளின் விளிம்பு தூக்கித் தூக்கி அடங்கியது.

"மன்னிக்க வேண்டி வந்திருக்கும்," என்று வாய்விட்டுப் படித்தார். "நல்லா இருக்கே. கைடுல கூட இல்ல இது. எனக்கும் ஒரு காப்பி எழுதிக் கொடு."

"சரி மாமா."

தாளை வைத்துவிட்டு நாற்காலிக்குப் போனார். குமாஸ்தாவைப் பற்றி அவள் இன்னொரு முறை முழுசாக எழுத வேண்டியதாயிற்று, அதே கையெழுத்தில், ஒரு எழுத்து பிசகாமல். அது முடிந்த பிறகுதான் நான்காவது எண்ணின் மீதியை எழுத முடிந்தது.

திங்கட்கிழமை ஐந்து பேருடைய பரீட்சை விண்ணப்பங்களும் தபாலில் போக வேண்டியிருந்தது. கேட் பாஸில் கையெழுத்துப் போடும்போது மேற்பார்வையாளர் தலை நிமிராமல் சொன்னார். "நோட்ஸ் அக்காவையும் துணைக்குக் கூட்டிட்டுப் போ."

தபால் நிலையம் எதிர்ச்சாரியில்தான். போகிற வழியெல்லாம் நோட்ஸ் அக்கா கருப்பொருளைப் பற்றியே பேசினாள். அநீதின்னு எழுதறதா, மௌனம்னு எழுதறதா, எதுக்கு மார்க் ஜாஸ்தி. பசை மேசைக்கு வந்ததும் ஸ்டோரம்மா ஐந்து உறைகளை வைத்தாள். பிறகு ரவிக்கைக்குள் கையை விட்டு ஆறாவதை எடுத்தாள். நோட்ஸ் அக்கா அதன் மேலிருந்த முகவரியைப் படித்தாள். பேச்சு பாதியில் நின்றது.

"நான் எதையும் பாக்கல," என்றாள். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. என் பேரை எங்கயும் இழுத்துடாதே."

"இழுக்க மாட்டேன்க்கா."

"வேற பதிப்புன்னு நினைச்சேன்டி," என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணாடியைத்தான் துடைத்தாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் ஐந்தை எடைபோட்டு ஆறாவதைத் திருப்பிப் பார்த்தார். "அனுப்புநர் முகவரி எங்கம்மா?"

"போடாம அனுப்ப முடியாதா?"

"பதிவுத் தபாலுக்குக் கண்டிப்பா வேணும். போய்ச் சேர்ந்ததுன்னு ஒப்புகை அட்டை எங்க திரும்பி வரும்?"

வேலை செய்கிற இடத்து முகவரி போட்டால் அட்டை மேற்பார்வையாளர் மேசைக்கு வரும். வீட்டு முகவரி போட்டால் கீழ்வாசல் பெட்டிக்கு வரும், சாவி அவரிடம். வேறு முகவரி அவளுக்கு இல்லை. பக்கத்தில் நின்ற அக்கா சுவரிலிருந்த கட்டணப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டை வர வியாழன், மிஞ்சிப் போனால் வெள்ளி. அதற்குள் குழந்தையின் சான்றிதழ்களையும் உடுப்புகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஸ்டோரம்மா யோசித்துப் பார்த்தாள். ஒரு இடமும் தோன்றவில்லை.

"அம்மா, பின்னால ஆள் நிக்குது."

பேனாவை வாங்கிக்கொண்டாள். கதவு எண், மாடி, தெரு. எல்லாவற்றுக்கும் மேலே, இன்னார் வீடு என்று அவருடைய பெயர்.

"மூலை ஒட்டல பாரு," என்றாள் நோட்ஸ் அக்கா, பலகையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

விரலில் பசையைத் தொட்டு மூலையில் தடவி, ஐந்து எண்ணும் வரை அமுக்கிப் பிடித்துவிட்டு உள்ளே தள்ளினாள். கவுன்ட்டர்காரர் தேதி முத்திரையை இரண்டு தடவை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்து, உறையைத் தோளுக்குப் பின்னால் இருந்த சாக்கில் போட்டார்.