எட்டு மடிப்பு

கிளம்பிப் போனவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, சமையல் மேடையில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டார். முன்கண்ணாடியில் பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்ததாம். "அது பாத்திரம் துடைக்கிற துணி," என்றாள் அவள், நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலை தூக்காமலே. "வண்டியும் பாத்திரந்தான். நான் அதுக்குள்ளதானே வேகறேன்," என்றார். துணியை அலசாமல் கொண்டுவரக் கூடாது என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியாது. வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து அவருடைய எண்ணிலிருந்து யாரோ ஒரு பெண் பேசினாள். வண்டி சாலையோரம் ஒழுங்காக நின்றது, இரண்டு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தது, யாருக்காகவோ காத்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் தாண்டிப் போனோம் என்று அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை சொன்னாள். அந்தப் பெண்ணால் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அந்தத் துணி பிறகு எங்கே போனது என்பதும் தெரியவில்லை.

அவர் ஜன்னல்களுக்கு அளவெடுத்துத் திரை மாட்டித் தருகிறவர். திரைக் கம்பிகள் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்றுதான், ஏற்கனவே ஒருவர் ஓட்டிக் கழித்த அந்த நீள வண்டியை வாங்கினார். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அறுவைக்கான கருவிகளைக் கழுவிக் கட்டி, ஆவியில் வைத்து எடுத்து, மூடி முத்திரையிட்டு அனுப்பும் அறையில் இருபத்திரண்டு வருடம். காலை ஆறு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. இத்தனை வருடமும் அவர் கொண்டுபோய் விட்டார். அவர் போன பிறகு நான்கு மாதமாக யார்யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு போனதில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. முதலில் அலுத்தது அவளுக்குத்தான். ஐம்பத்தொரு வயதில் ஓட்டப் பழகி உரிமமும் வாங்கினாள். ஆனால் இந்த வண்டியைத் தெருமுனையில் திருப்புவதற்குள் பின்னால் நான்கு பேர் ஹாரன் அடித்தார்கள். இதைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்று கொழுந்தன் ஒரு இடத்தில் பேசி வைத்தான். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணு மட்டும் அண்ணி," என்றான் கொழுந்தன், சனிக்கிழமை வந்தபோது. காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அண்ணன் எங்க தவறினார்னு யாரும் கேட்க மாட்டாங்க. கேட்டா வீட்லன்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா அந்த வண்டிய எடுக்கவே மாட்டாங்க. அப்புறம் அது இந்த வாசல்லயேதான் நிக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். வாசலில் நின்றுகொண்டிருக்கும் அதைத் தினமும் தாண்டிப் போவதுதான் அவளாலும் முடியாததாக இருந்தது.

ஞாயிறு காலை, வண்டி துடைத்துக் கொடுக்கும் ஒருவனை அனுப்பி வைத்தான். தெருவில் எல்லோரும் அவனைப் பளபளா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். தூசி உறிஞ்சும் இயந்திரமும் வாளிகளும் ஏற்றி வந்த அவனுடைய சொந்த வண்டியில் சேறு ஒரு விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது.

"உன் வண்டிய முதல்ல துடைப்பா," என்றாள்.

"பல் டாக்டர அவரு வாயத் திறக்கச் சொல்லிப் பாத்திருக்கீங்களாக்கா?" என்றான் அவன். "நீங்க உள்ள போய் உட்காருங்க. ரெண்டு மணி நேரத்துல ஷோரூம்ல இருந்து இறக்கின மாதிரி ஆக்கிடறேன்."

அவள் உள்ளே போகவில்லை. அவன் பின்பக்கத்தை உறிஞ்சி எடுக்க எடுக்க, நூல் பிசிறு, வளையங்கள், திருகாணிகள், யாரோ ஒரு வீட்டு ஜன்னலின் அளவு எழுதிய காகிதம் என்று வந்துகொண்டே இருந்தன. கூரைத் துணியில் கம்பி உரசிய கோடுகள் நீளநீளமாகக் கிடந்தன. பளபளா ஈரத் துணியை எடுத்து முன்பலகையில் வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்ததும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ துடைக்கல. அழுக்க ஊர்வலம் கூட்டிட்டுப் போற."

துணியை வாங்கி எட்டாக மடித்தாள். மேலிருந்து கீழே, ஒரே திசையில், ஒரு முகத்தால் ஒரே தடவை. பிறகு அடுத்த மடிப்பு. எட்டும் முடிந்தால் துணி வாளிக்குப் போக வேண்டும். துடைத்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. கை அதன் பாட்டுக்குப் போயிற்று. அப்படிச் செய்துகொண்டிருக்கும்போது மனசு ஒன்றும் கேட்பதில்லை. அந்த நாலு மாதத்தில் அவள் கொஞ்சமாவது இளைப்பாறியது வேலையறையில்தான்.

"இப்படித் துடைச்சா நான் ஒரு நாளைக்கு ஒரு கண்ணாடிதான் துடைப்பேன்," என்றான் பளபளா. ஆனால் தானும் ஒரு துணியை மடித்துப் பார்த்தான். அவனுக்கு ஆறு மடிப்புதான் வந்தது.

ஓட்டுகிறவர் இருக்கைக்கு வந்தபோது கொழுந்தன் மாட்டிய புது உறை மினுமினுத்தது. "இத மட்டும் கழட்ட வேணாம்னு அவரு சொன்னாருக்கா."

அவள் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். அடியில் பழைய துணியில், ஓரம் பழுப்பேறிய ஒரு பெரிய கறை. உயிர் போகும் நேரத்தில் உடம்பு எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் அதை எத்தனையோ தடவை பார்த்தவள்தான். ஆனால் யாருக்கும் தெரியாமல் ஒரு புத்தாடையைப் போட்டு அவரை அதற்குள் மூடி வைத்ததுபோல் இருந்தது.

பளபளா எட்டிப் பார்த்தான். "குழந்தையாக்கா?"

"இல்ல. பெரியவங்க."

அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சக்கரம் கழுவப் போவதாகச் சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனான். சக்கரங்களை அவன் ஏற்கனவே கழுவியிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பொருள் கொடுக்கும் கடையிலிருந்து அவள் வாங்கி வந்திருந்த கிருமிநாசினி ஒரு புட்டி முழுவதும் அந்த இருக்கைக்கே போயிற்று. ஊற்றி, ஒற்றி, மறுபடி ஊற்றினாள். மாலைக்குள் கறை போய்விட்டது. மீதியிருந்த இன்னொரு புட்டியால் கதவிடுக்குகள், பெல்ட்டுகள், பூட்டுகள் எல்லாவற்றையும் துடைத்து, வேலையிடத்தில் செய்வதுபோலவே கண்ணாடிகளை ஏற்றிக் கதவுகளை இறுக்கி மூடினாள். சுத்தம் செய்ததைத் திறந்து வைப்பது அங்கே குற்றம். காற்றாட விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை கொழுந்தன் கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனான். "என்ன அண்ணி இது, ஆப்பரேஷன் தியேட்டர் மாதிரி?" நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஓட்டியும் வாடை போகவில்லை.

வண்டிகளைச் சோதித்து விலை போடுபவர் ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியவராக இருந்தார். வெளியே ஒரு சுற்றுச் சுற்றியதும் முகம் மலர்ந்தது. உள்ளே தலையை விட்டதும் அது சுருங்கியது. கால்மிதியை எடுத்தார். தரைவிரிப்பின் ஓரத்தைப் பிரித்து விரலால் தடவினார்.

"வெள்ளத்துல நின்ன வண்டியா?"

"ஐயோ, இல்லைங்க," என்றான் கொழுந்தன்.

"சேறோட வந்தா நாங்க பயப்பட மாட்டோம், சார். இவ்வளவு சுத்தமா வந்தாத்தான் பயம்." இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளத்துக்கான தடயம் எதுவும் இல்லை. அதுவே அவருக்கு இன்னும் உறுத்தலாகப் போயிற்று. எழுந்து அவளைப் பார்த்துக் கேட்டார். "என்னம்மா நடந்துச்சு இதுக்குள்ள?"

"அண்ணி ஆஸ்பத்திரில வேலை பாக்கறாங்க. சுத்தம்னா கொஞ்சம் அதிகம்," என்று கொழுந்தன் சிரித்தான். சிரிப்பு அவனுக்குச் சரியாக வரவில்லை.

அவள் வேலையறையில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. கருவி கீழே விழுந்ததா? விழுந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், எடுத்துத் துடைத்தால் பளிச்சென்றுதான் இருக்கும், மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய உடம்பில் தெம்பும் இருக்காது. இருந்தாலும் கேட்டால் விழுந்தது என்று சொல்லிவிட வேண்டும். 'வீட்டில்' என்ற சொல் அவள் நாக்கு வரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

"என் வீட்டுக்காரர் இந்த சீட்லதான் இறந்தார்," என்றாள்.

கொழுந்தன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

விலை போடுபவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். "வண்டி ஓடிட்டிருந்தப்பவா?"

"இல்ல. ஓரமா நிறுத்திட்டார். பிரேக் போட்டு, விளக்கெல்லாம் போட்டுட்டுத்தான்."

அவர் கையிலிருந்த படிவத்தைப் புரட்டினார். விபத்து, வெள்ளம், தீ என்று கட்டங்கள் இருந்தன. பேனா ஒவ்வொன்றின் மேலும் நின்று நகர்ந்தது. "இதுக்குக் கட்டம் இல்லம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "மேனேஜரக் கேட்டுச் சொல்றேன். எடுப்பாங்களா மாட்டாங்களான்னு என்னால இப்ப சொல்ல முடியாது. வண்டியப் பின்னால கொட்டகைல விடறேன். நீங்க உட்காருங்க."

"நான் என்னத்துக்கு அவ்வளவு சொன்னேன்," என்றான் கொழுந்தன், அவர் நகர்ந்ததும். கோபம்கூட இல்லை, களைப்புதான். "நாளைக்குக் காலைல எப்படிப் போவீங்க?"

"தெரியல தம்பி."

சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவன் உட்காரவில்லை, தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய், ஒரு காகிதக் குவளையில் கொண்டுவந்து நீட்டினான்.

விலை போடுபவர் கதவைத் திறந்து ஒரு கணம் தயங்கினார். பிறகு மற்ற எந்த வண்டியிலும் ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்து, பின்னோக்கி எடுத்தார். உடனே வண்டி பாடத் தொடங்கியது. முன்பு வைத்திருந்தவர் மாட்டிய பெட்டி அது, பின்னால் எடுத்தால் ஏதோ ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டைக் கீச்சுக் குரலில் வாசிக்கும். மானம் போகிறது, நாளைக்குக் கழற்றிவிடுகிறேன் என்று அவள் வீட்டுக்காரர் ஒன்பது வருடம் சொன்னார். முற்றத்தில் நின்ற இரண்டு பேர் சத்தம் கேட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டி மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மெட்டு எப்போதும் போலக் கடைசி இரண்டு சுரத்துக்கு முன்னால் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.