சார்ஜெண்டின் ஒலிநாடா

அயகுச்சோ என்ற இந்த மலை ஊரில் டாக்டர் செவாயோஸ் குடும்பத்து ஆவணக்காப்பகத்துக்கு நான்தான் வாசல் காவல். யாரை உள்ளே விடக்கூடாது என்று பார்ப்பதுதான் என் வேலை. விட வேண்டியவர்கள் காரில் வருவார்கள்.

லெயோகாதியா நடந்து வருவாள். சந்தையில் ரொட்டி விற்பவள். அவள் மகன் எஃப்ராயினை ராணுவம் இழுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. புதைத்தவன் சார்ஜெண்ட் பால்தோமேரோ. புதைத்த இடத்தை அவன் டாக்டரின் அப்பாவிடம் ஒலிநாடாவில் சொல்லியிருக்கிறான், தான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. இப்படி ஒரு நாடா இருப்பது, குடித்துவிட்டு ஊரெல்லாம் அவனே உளறியதுதான்; இடத்தை மட்டும் சொல்லவில்லை. இடத்தைக் கேட்ட பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது பக்கவாதம் வந்து சார்ஜெண்டுக்கு வாயும் வலது கையும் போய்விட்டன. நன்றாக வேண்டும்.

ஒருநாள் பார்த்தால், லெயோகாதியா அவனையே சக்கர நாற்காலியில் வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு வருகிறாள். அவன் மருமகளிடம் கேட்டாளாம். கொஞ்ச நேரம் தொல்லை விட்டதென்று அவளும் அனுப்பிவிட்டாள்.

"டாக்டர், ஆளையே கொண்டாந்துட்டேன். நீங்களே கேளுங்க."

"நாடாவப் போடலாமா, பால்தோமேரோ?"

சரியென்று அவன் தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர். இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டி நீட்டி முனகினான்.

"கிழவனுக்குக் குளிருது போல," என்று அவள் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் செருகினாள்.

"தலையாட்டினா செல்லாதும்மா. வாயால சொல்லணும், இல்லன்னா கையெழுத்துப் போடணும்."

"இடது கையால கீறட்டுமே?"

"பழைய கையெழுத்தோட ஒத்துப்போகணும்ல?"

"அப்ப எப்பத்தான் தருவீங்க?"

"அவர் கண்ண மூடட்டும். அதுக்கப்புறம் ஒரு கேள்வி கேக்க மாட்டேன்." அவனை வைத்துக்கொண்டே, சிரித்தபடி சொன்னார். படித்தவர்.

வாசலுக்கு வெளியே செங்குத்தான இறக்கம். கீழே லாரிகள் போகும் சாலை. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். அவன் கை மறுபடி வெளியே வந்து எதிர்மலையைப் பார்த்து நீண்டது. அதை உள்ளே வைத்து, போர்வையைச் சுற்றிலும் இறுக்கிச் சொருகினாள், கைக்குழந்தைக்குச் செய்வதுபோல. பிறகு நாற்காலியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள்.

கை நழுவிவிட்டது என்று போலீஸில் சாட்சி சொன்னது நான்தான். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவனை அடக்கம் செய்த மறுநாள் வந்தாள், எலும்பு வைக்க ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியோடு. டாக்டர் வாக்குத் தவறவில்லை. பூட்டைத் திறந்து, கையுறை மாட்டி, நாடாவைப் போட்டார். உஸ்ஸென்று இரைச்சல். திருப்பிப் போட்டார். அதே இரைச்சல். யாரும் தொடக்கூடாது என்று பூட்டியதை யாருமே தொடவில்லை. துடைக்கவில்லை, பிரதி எடுக்கவில்லை. பூஞ்சை தின்றுவிட்டது.

"எவ்வளவு பத்திரமா வச்சிருந்தோம்!" என்றார் டாக்டர், யார் மேலோ கோபம்போல.

லெயோகாதியா பெட்டியை மடியில் வைத்து இரைச்சலை முழுக்கக் கேட்டாள். பிறகு ஜன்னல் வழியே எதிர்மலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தொமிதிலா, அன்னிக்கு அவன் எங்கடி கை காட்டினான்?"

"மலைப்பக்கம்க்கா."

"மலையில எங்க?"

நானும் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மலை.

"அவன் காட்டத்தானே செஞ்சான்," என்றாள். "நாந்தான் குளிருதுன்னு உள்ள வச்சேன்."