கையில் இல்லாத நட்டு

தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்ததும் அவள் முதலில் தன் விரலைத்தான் பார்த்தாள். ஊசி ஏறியிருக்கும் என்று நினைத்தாள். விரலில் ஒன்றுமில்லை. நிமிர்ந்தால், கணவர் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவளுடைய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டிருந்தார். துணி வெட்டுகிற கத்தரியால் டப்பா வெட்டாதீர்கள் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. இன்றும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவருடைய கட்டைவிரல் கண்ணில் பட்டது. நீளவாக்கில் ஒரு வெட்டு. ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கிக் காயத் தொடங்கியிருந்தது.

"கையைப் பாருங்க" என்றாள்.

அவர் மற்ற கையைப் பார்த்தார்.

காயத்தைக் கழுவித் துணி சுற்றும்போது அவர் முகம் சுளிக்கவில்லை. வாசல் நிழலில் உட்கார்ந்து, மரம் அறுக்கிற மெஷின் ரம்பத்தின் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு பல்லையும் ராவிய பிறகு பிசிறு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது அவர் பழக்கம். எந்தப் பல் கூர், எந்தப் பல் மொண்ணை என்று அந்த விரல் சொன்னால் போதும், கண்கூட வேண்டாம் என்பார். இன்று அந்த விரல் ஒன்றுமே சொல்லவில்லை. அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. குளிர்ந்த காலைகளில் அவர் விரல் நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போவது. சட்டைப் பித்தானை அவளையே போடச் சொல்வது. "புது மாப்பிள்ளைன்னு நினைப்பா" என்று கேலி செய்துகொண்டே போட்டுவிட்டிருக்கிறாள். தன் கேலி இப்போது அவளுக்கே சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு மேலும் மின்கம்பிக்கு மேலும் சாய்ந்து நிற்கிற மரங்களை உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டி இறக்குவது அவர் தொழில். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற மரத்தில் அவர் ஏறுவார். அதனால் உச்சிக்காரர் என்றால்தான் நாலு பேருக்குத் தெரியும். அவர் மேலே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே அவளுடைய தம்பி. அவளுக்குக் கல்யாணமான புதிதில் விளையாட்டாகக் கூடப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். அறுபட்ட கிளை எங்கே விழும் என்பது மேலே இருப்பவரின் கையில் இருக்கிறது. அந்தக் கையைத்தான் அவள் இப்போது மடியில் வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி விரல் விரலாக ஊசியால் குத்திப் பார்த்தார். குத்தியபோது அவர் சும்மா இருந்தார். குத்தாதபோது "இப்ப" என்றார். வருஷக்கணக்காக மெஷின் கையில் ஆடி ஆடி நரம்பும் ரத்த ஓட்டமும் கெட்டிருக்கிறது, இனி ரம்பத்தைத் தொடாமல் இருந்தால் கொஞ்சம் திரும்பி வரலாம், தொட்டால் இருப்பதும் போகும் என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். அத்தனை பேச்சிலும் கணவர் ஒரே ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே, "ஆட்டம்தானே பிரச்சினை? மெஷினைச் சரி பண்ணிட்டா ஆட்டம் போயிடும்" என்றார். டாக்டர் சொன்னது அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மெஷினோடு பழகியவள் அவளும். தடதடவென்று ஆடிய தையல் மெஷின் ஒரு திருகை முடுக்கி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் பூனை மாதிரி சாதுவாவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒருவேளை ஆகலாம் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. சரி என்றாள்.

பள்ளிக்கூடத்து மரம் ஒன்று காத்திருந்தது. காற்றில் பாதியாகப் பிளந்து வகுப்பறைக் கூரைமேல் சாய்ந்து கிடந்தது. விடுமுறை முடிவதற்குள் இறக்கியாக வேண்டும். அதற்கு முன்னால் ரம்பத்தைப் புதிதாக்கிவிடுவது என்று இருவரும் கங்கணம் கட்டிக்கொண்டார்கள்.

வாசலில் பழைய போர்வையை விரித்து ரம்பத்தைப் பிரித்துப் போட்டார்கள். இன்ஜினுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. ஆட்டத்தை அவைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று கிழிந்து இரண்டாகக் கிடந்தது, மற்றவை கல்லாக இறுகியிருந்தன. "எப்பவோ தெரியும்" என்றார் அவர், அவள் கேட்காமலே. இந்த மரம் முடியட்டும், அந்த மரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டது. ஏர் ஃபில்டரைக் கழற்றியதும் அவள் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வலைத்துணி. ஓரத்தில் இழை விலகி ஓட்டை விழுந்திருந்தது, மீதி இடத்தில் மரத்தூள் அப்பி ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. மூச்சு முட்டுகிற இன்ஜினுக்கு இழுவை இருக்காது, இழுவை இல்லாவிட்டால் கையால் அழுத்த வேண்டும். எண்ணெய் கதை அதைவிட மோசம். சங்கிலிக்கு அவர் ஊற்றிக்கொண்டிருந்தது வண்டிப் பட்டறையில் வடித்துப் போட்ட பழைய இன்ஜின் ஆயில். அவள் இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தாள். கருப்பாக நறநறத்தது.

"இதை என் மெஷினுக்கு ஊத்துவீங்களா?"

"உன் மெஷினும் இதுவும் ஒண்ணா?"

"எது உங்க கையில இருக்கோ அதுக்குத்தான் நல்லதா ஊத்தணும்."

இருவரும் கடைக்குக் கிளம்பினார்கள். உதிரிபாகக் கடைக்காரர், சங்கிலிக்கென்று விற்கிற எண்ணெயின் டப்பாவைத் திறந்து ஒரு குச்சியை நனைத்துத் தூக்கிக் காட்டினார். தேன் மாதிரி நூல் விட்டு இறங்கியது. பழைய ஆயில், சங்கிலி ஓடுகிற நீளத் தகடான பாரின் முனையிலேயே சிதறிப் போய்விடும், சங்கிலி காய்ந்து சூடேறி மழுங்கும், இது ஒட்டிக்கொண்டே சுற்றி வரும் என்றார். பெட்ரோலில் கலக்கிற டூ-டி ஆயிலிலும் நல்லதாகவே வாங்கினார்கள். வலை ஃபில்டருக்குப் பதிலாகக் கம்பளம் மாதிரி அடர்ந்த ஃபில்டர், புது புஷ்கள், புதுச் சங்கிலி. வீட்டுக்கு வந்து பாரின் பள்ளத்தில் அடைந்திருந்த அழுக்கை அவள் கொண்டை ஊசியால் கீறி எடுத்தாள். எண்ணெய் வருகிற சின்னத் துளை அடைத்துக் கிடந்தது, அதையும் திறந்துவிட்டாள். இரண்டு நாளாகத் தையல் மேசையில் துணி குவிந்தது. யார் வந்து கேட்டாலும் அடுத்த வாரம் என்றாள்.

எல்லாம் பூட்டி முடித்து, இன்ஜினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்ததும் ரம்பம் உடனே பிடித்துக்கொண்டது. பாரின் முனையை ஓர் அட்டைப்பெட்டிக்கு நேராகப் பிடித்து வேகம் கொடுத்தார். அட்டையில் எண்ணெய் மெல்லிய கோடாகத் தெறித்தது. அப்படித் தெறித்தால் சங்கிலிக்கு எண்ணெய் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். ஒரு கட்டையை வைத்து அறுத்தார். அழுத்தவே இல்லை, ரம்பம் தன் எடையிலேயே இறங்கியது. கைப்பிடியில் அவர் கைமேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். பழைய ஆட்டத்தில் கால்வாசிகூட இல்லை. அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புதுச் சங்கிலி ஓடியதும் கொஞ்சம் தளரும். இழுத்து வைப்பதற்காக ரம்பத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். சங்கிலியைச் சரிசெய்து, மூடியை வைத்து, ஒரு நட்டை முடுக்கினார். இரண்டாவது நட்டை எடுத்து மரையில் வைத்துச் சுற்றத் தொடங்கினார். வைத்ததுமே அது நழுவிவிட்டது. போர்வைமேல் விழுந்ததால் சத்தமில்லை. அண்டை வீட்டுக்காரர் ஏதோ கேட்டதற்கு அவர் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். விரல்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. வெறும் காற்றை, பொறுமையாக, கடைசிவரை.

"இறுகிடுச்சு" என்றார்.

அவள் நட்டைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ரம்பம் இவ்வளவு அழகாக ஓடுகிறபோது இது நடந்திருக்க வேண்டாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மெஷின் சரியாகிவிட்டது. சரியாகாததற்கு இனி மெஷின்மேல் பழி போட முடியாது.

தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். சொன்னால் அவன் பயந்துவிடுவான், பயந்தவன் கையில் கயிறு நிற்காது என்றார். பள்ளிக்கூடத்து மரம் மட்டும் முடியட்டும் என்றார்.

"கீழே நிக்கிறது என் தம்பி."

"எனக்கு மட்டும் அவன் யாரோவா?"

"அப்ப சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் வந்து சொல்வேன்."

அவள் மிரட்டலுக்குச் சொல்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தார். பிளந்த பாதி, பெரிய யானை ஒன்று முழங்கால் மடக்கிக் கூரைமேல் தலை சாய்த்தது போல் கிடந்தது. தம்பி அடிமரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நேராகத் தம்பியிடம் போனாள். மாமாவுக்கு விரலில் உணர்ச்சி இல்லை என்று சொன்னாள். வெட்டுப்பட்டது தெரியவில்லை, நட்டு விழுந்தது தெரியவில்லை, டாக்டர் ரம்பத்தைத் தொடக்கூடாது என்றார், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

தம்பி கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்க்கா" என்றான். "போன மழைக்காலத்துலேர்ந்தே தெரியும். அதான் கயிறை ஒரு சுத்து கூடுதலா சுத்துறேன். அவர் நில்லுன்னு சொல்ற இடத்துலேர்ந்து தள்ளித்தான் நிக்கிறேன்."

"ஏன்டா வாயைத் திறக்கலை?"

"அவர்கிட்ட யாருக்கா போய்ச் சொல்றது?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. அப்போதுதான் பின்னால் அவர் நிற்பதைக் கவனித்தாள். ரம்பம் கையில் தொங்கியது. அத்தனையும் காதில் விழுந்திருந்தது. டாக்டர் குத்திய ஊசி ஏறாத மனிதருக்கு இது ஏறியிருந்தது. தன்னை நம்பாமலே ஒருவன் இத்தனை நாள் தனக்குக் கீழே நின்றிருக்கிறான், போகாமலும் நின்றிருக்கிறான். அவர் ரம்பத்தைத் தரையில் வைத்தார். இடுப்புப் பட்டையின் கொக்கியை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் கொக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் உதவப் போகவில்லை. தம்பிதான் குனிந்து அவிழ்த்தான், அவிழ்த்ததைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டான்.

"அடிக்கிளை எல்லாம் ஏறியிருக்கேன் மாமா. உச்சிக்குப் போனதில்லை. நீங்க கீழேயிருந்து சொல்லுங்க."

அவர் மரத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்து அவனிடம் கொடுத்தார். "அழுத்தாதே மாப்ள. அதுவா இறங்கும்" என்றார். இரண்டு நட்டையும் ஒரு தடவை நீயே பார்த்துக்கொள் என்றும் சொன்னார். அவன் பார்த்துக்கொண்டான்.

கயிறு யார் பிடிப்பது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவள் புடவையைத் தூக்கிச் செருகி, தம்பியின் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு அடிமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவள் கால் வைத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பின்னால், இன்னும், அங்கே, என்றார். மரத்தில் சுற்றியிருக்கிற கயிறே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், நீ இழுக்க வேண்டாம், நழுவவிட்டுப் பிடிக்க மட்டும் தெரிந்தால் போதும், சின்னக் கிளையாகவே முதலில் இறக்குவோம் என்றார். வேகமாகப் பேசினார். நூல் எப்போது இறுகுகிறது, எப்போது அறும் என்று கையால் அறிந்தவளுக்கு அது பாதி புரிந்தது. மீதியைக் கயிறு சொல்லிக்கொடுக்கட்டும் என்று நினைத்தாள். பயம் இருந்தது. அதை ஓர் ஓரமாக வைத்துவிட்டுக் கையுறைக்குள் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

மேலே தம்பி இழுத்த ஒரே இழுப்பில் ரம்பம் உறுமி எழுந்தது. அவர் அவளுக்குப் பக்கத்தில், கயிற்றைத் தொடாமல், முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றார். மரத்தூள் வெள்ளை வெள்ளையாக இறங்கி அவர் புருவத்தில் படிந்தது. கிளை முறியும் சத்தம் கேட்டது. கயிறு உதறிக்கொண்டு விறைத்தது, அவளை ஓரடி முன்னால் இழுத்தது. அவள் குதிகாலை ஊன்றி நின்றுகொண்டாள்.

"விடு" என்றார். "கொஞ்சமா."

அவள் விட்டாள். பச்சை இலைகளோடு அந்தக் கிளை கூரைக்கு மேலே தொங்கி, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாததுபோல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.